ஆம்பளைக்கும் தைராய்டு வரும் – ஹார்மோன் ஊசிக்கு முன்னாடி ஒரு ரத்தப் பரிசோதனை

 

திருவிழா வேலை எல்லாம் முடிஞ்சு கோயில் இப்பதான் கொஞ்சம் அமைதியா இருக்கு. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச விஷயத்தை இன்னைக்கு எழுதிடுறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. அண்ணன்மார், தம்பிமார் கட்டாயம் படிக்கணும். அக்கா தங்கச்சிங்க படிச்சிட்டு வீட்டுல இருக்கிற ஆம்பளைங்ககிட்ட காட்டுங்க.

இந்த வருசம் நம்ம தொண்டர் குழுவிலேயே மூணு பேர் தனித்தனியா வந்து என்கிட்ட ஒரே கேள்வியைக் கேட்டாங்க. "அண்ணே, உடம்புல தெம்பே இல்ல. ஆண் ஹார்மோன் ஊசி போட்டா சரியாயிடுமாமே, போடலாமா?" நான் டாக்டர் இல்ல. எஸ்.பி.எம். வரைக்கும் படிச்சிட்டு தொழிற்சாலையில சூப்பர்வைசரா இருக்கிறவன். ஆனா ஆறு வருசமா தைராய்டு மாத்திரை சாப்பிடுறேன், அது எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் என்கிட்ட கேட்டாங்க.

மூணு பேரையும் நான் திருப்பிக் கேட்டேன்: "தைராய்டு பார்த்தீங்களா?" மூணு பேரும் சொன்ன பதில் ஒண்ணுதான். "அது பொம்பளைங்களுக்கு வர்ற வியாதி இல்லையா அண்ணே?"

இந்தப் பதிலுக்காகத்தான் இந்தப் பதிவு.

தைராய்டுங்கிறது தொண்டைக்குக் கீழே, குரல்வளையை ஒட்டி, பட்டாம்பூச்சி வடிவத்துல இருக்கிற சின்ன சுரப்பி. உடம்பு எவ்வளவு வேகத்துல ஓடணும்னு முடிவு பண்றது அதுதான். பெண்களுக்குப் பல மடங்கு அதிகமா இந்தக் கோளாறு வருது, அது உண்மை. ஆனா ஆண்களுக்கும் வரும், வயசு ஏற ஏற இன்னும் அதிகமா வரும். ஆம்பளைக்கு வராதுன்னு நினைக்கிறதால நம்மளும் சந்தேகப்படறதில்ல, சில சமயம் பார்க்கிற டாக்டரும் சந்தேகப்படறதில்ல.

எனக்கு வந்தப்ப என்ன ஆச்சுன்னா, முதல்ல கவனிச்சது பஜனைக் குழுவுல இருந்தவங்கதான். "ஐயா, குரல் கரகரன்னு ஆயிடுச்சே"ன்னு கேட்டாங்க. அப்புறம் தொழிற்சாலையில மத்தவங்க வேர்த்துக்கிட்டு இருக்கும்போது எனக்கு மட்டும் குளிர். சாப்பாடு கூடல, ஆனா எடை கூடிச்சு. மலச்சிக்கல், வறண்ட தோல். பத்துமலையில 272 படியை ஒரே மூச்சுல ஏறினவன், நடுவுல ரெண்டு தடவை நின்னேன். கொலஸ்ட்ரால் வேற ஏறிப்போச்சு. தைராய்டு குறைஞ்சா கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும்னு அப்பதான் டாக்டர் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன். வெளிப்படையா பேச வேண்டியதால இதையும் சொல்றேன், தாம்பத்திய ஆசையும் குறைஞ்சது.

இப்ப இந்தப் பட்டியலை ஒரு தடவை திரும்பப் பாருங்க. அசதி, எடை கூடுறது, மனச்சோர்வு, மறதி, ஆசை குறையிறது. ஆண் ஹார்மோன், அதாவது டெஸ்டோஸ்டிரோன் குறைஞ்சாலும் இதே பட்டியல்தான். ரெண்டு சுரப்பிக்கும் வெளியில தெரியிற முகம் ஒண்ணு. முகத்தை மட்டும் பார்த்து மருந்து கொடுத்தா தப்பான இடத்துக்கு மருந்து போயிடும்.

இது எப்படி நடக்குதுன்னு எனக்குத் தெரிஞ்ச தொழிற்சாலை பாஷையிலேயே சொல்றேன்.

மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி இருக்கு. அதுதான் தலைமை அலுவலகம். தைராய்டு ஒரு லைன், விரை இன்னொரு லைன். தலைமை அலுவலகம் தைராய்டு லைனுக்கு அனுப்புற ஆர்டரோட பேரு டி.எஸ்.எச். லைன் மெதுவா ஓடினா மேலிடம் என்ன பண்ணும்? ஆர்டரை மேல மேல அனுப்பும். அதனாலதான் தைராய்டு குறைஞ்சவங்களுக்கு டி.எஸ்.எச். கூடுதலா காட்டும். பல லேப்ல சுமார் 0.4ல இருந்து 4 வரைக்கும் சரின்னு போட்டிருப்பாங்க. ஆனா சில பேருக்குத் தலைமை அலுவலகமே கெட்டிருக்கும். அப்ப ஆர்டரே வராது, டி.எஸ்.எச். சரியா இருக்கிற மாதிரி காட்டும். அதனால கூடவே ஃப்ரீ டி4 என்ற பரிசோதனையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்க.

தைராய்டுக்கும் டெஸ்டோஸ்டிரோனுக்கும் என்ன சம்பந்தம்? உற்பத்தியான டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்துல தனியா சுத்துறது ரொம்பக் கொஞ்சம். பெரும்பகுதியைப் புரதங்கள்தான் சுமந்துக்கிட்டுப் போகும். அதுல முக்கியமான புரதம் எஸ்.எச்.பி.ஜி. அதை லோரின்னு வச்சுக்குங்க. தைராய்டு குறைஞ்சா லோரி எண்ணிக்கை குறையும். லேப்ல மொத்தச் சரக்கை எண்ணிப் பார்த்தா டெஸ்டோஸ்டிரோன் கம்மின்னு வரும். இதுபோக, தைராய்டு ரொம்பக் குறைஞ்சவங்களுக்குப் புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறி, விரைக்குப் போற ஆர்டரையும் அமுக்கிடலாம். தைராய்டு மாத்திரையை ஒழுங்கா எடுத்தா பல பேருக்கு டெஸ்டோஸ்டிரோன் அளவும் தானா மேல வரும். ஊசியே தேவைப்படாது.

இதுக்கு எதிர்மாறா தைராய்டு கூடிப் போறவங்களும் இருக்காங்க. கை நடுக்கம், படபடப்பு, நல்லா சாப்பிட்டும் எடை குறையிறது, வேர்வை. சில ஆண்களுக்கு மார்பு லேசா பெருக்கும். இவங்களுக்கு லோரி எண்ணிக்கை கூடிடும். மொத்தச் சரக்கு நிறைய இருக்கிற மாதிரி காகிதத்துல தெரியும், ஆனா உடம்புக்கு இறங்குற சரக்கு கம்மி. ஒரே ஒரு எண்ணை மட்டும் பார்த்து முடிவு பண்ணக் கூடாதுங்கிறது இதனாலதான்.

அடுத்து நான் சொல்லப்போறது, சம்பந்தப்பட்டவங்க சம்மதம் கொடுத்து எழுதுறது. பேர், ஊர் எதுவும் போடல. யாரும் யூகிச்சுக் கேட்க வேண்டாம்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி, வயசு முப்பதைத் தாண்டினவர். கல்யாணமாகி நாலு வருசம், குழந்தை இல்ல. எப்பப் பார்த்தாலும் அசதின்னு சொல்வார். உடற்பயிற்சிக் கூடத்துல பழக்கமான ஒருத்தர் மூலமா டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட ஆரம்பிச்சார். முன்னாடி எந்த ரத்தப் பரிசோதனையும் கிடையாது. முதல் ரெண்டு மாசம் உடம்பு முறுக்கா இருந்துச்சாம். ஊசி ஒரு வருசத்துக்கு மேல தொடர்ந்துச்சு.

அந்த ஒரு வருசமும் அவர் மனைவி கோயில் கோயிலா போய் தொட்டில் கட்டினார். செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தார். ராகு காலத்துல எலுமிச்சம்பழ விளக்கு போட்டார். வீட்டுல மாமியார் வாயில விழுந்த பேச்சு எல்லாத்தையும் அந்தப் பொண்ணுதான் வாங்கிக்கிச்சு. எல்லாப் பரிசோதனையும் அந்தப் பொண்ணுக்குத்தான் எடுத்தாங்க. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.

கடைசியில பெரியாஸ்பத்திரியில டாக்டர் கணவருக்கும் பரிசோதனை எடுக்கச் சொன்னார். விந்தணு எண்ணிக்கை பூஜ்யம். தைராய்டு பார்த்தா டி.எஸ்.எச். எக்கச்சக்கமா ஏறிக் கிடக்கு. அசதிக்குக் காரணம் அதுதான். குழந்தை நிக்காம போனதுக்குப் பெரிய காரணம் அந்த ஊசி.

ஏன்னா, வெளியில இருந்து சரக்கு வந்து இறங்கிட்டா தலைமை அலுவலகம் என்ன நினைக்கும்? "சரக்குதான் நிறைய இருக்கே"ன்னு நம்ம சொந்த லைனுக்கு ஆர்டரை நிறுத்திடும். விரை வேலையை நிறுத்திடும், விந்தணுவும் நின்னு போகும். உலக சுகாதார நிறுவனம் வாராவாரம் போடுற டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாவே பரிசோதிச்சு, 1990ல முடிவை வெளியிட்டிருக்கு. கருத்தடைக்குச் சோதிச்ச மருந்தை, குழந்தை வேணும்னு வேண்டிக்கிட்டு இருக்கிற வீட்டுல "ஆண்மைக்கு"ன்னு போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க.

ஊசியை நிறுத்தினா பெரும்பாலானவங்களுக்கு எண்ணிக்கை திரும்ப வரும். ஆறு மாசம், ஒரு வருசம், சில பேருக்கு ரெண்டு வருசம்கூட ஆகும். எல்லாருக்கும் முழுசா வரும்னு உறுதி கிடையாது. அந்தத் தம்பிக்கு இப்ப கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டு வருது. குழந்தை இன்னும் உண்டாகல. ஆனா அந்த வீட்டுல அந்தப் பொண்ணைப் பார்த்துப் பேசுற பேச்சு நின்னுடுச்சு. மாமியாரே ஒரு வெள்ளிக்கிழமை மருமகளைக் கூட்டிக்கிட்டு வந்து அர்ச்சனை பண்ணிட்டுப் போனாங்க.

தாய்மார்களே, இதைச் சொல்லியே ஆகணும். குழந்தை வரம் கேட்டு வர்ற தம்பதிகள்ல பொண்ணுக்கு மட்டும் பரிசோதனை எடுக்கிறது நியாயம் இல்ல. ஆம்பளைக்கு எடுக்கிற விந்துப் பரிசோதனையில வலி கிடையாது, கத்தி கிடையாது. ரெண்டு பேரும் ஒண்ணா போங்க. வேண்டுதலும் நடக்கட்டும், பரிசோதனையும் நடக்கட்டும். ஒண்ணு இன்னொண்ணைத் தடுக்காது.

ஊசியே கெட்டதுன்னு நான் சொல்ல வரல. உண்மையிலேயே டெஸ்டோஸ்டிரோன் குறைஞ்சவங்க இருக்காங்க. விரையில அடிபட்டவங்க, பிட்யூட்டரியில கட்டி உள்ளவங்க, பிறவியிலேயே குறை உள்ளவங்க, புற்றுநோய் சிகிச்சை எடுத்தவங்க. அவங்களுக்கு இந்த மருந்து வாழ்க்கையைத் திருப்பிக் கொடுக்கும். 2023ல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுல, இதய நோய் உள்ள அல்லது வர வாய்ப்பு அதிகமுள்ள, டெஸ்டோஸ்டிரோன் குறைஞ்ச ஆண்கள் 5,000 பேருக்கு மேல சேர்ந்தாங்க. பாதிப் பேருக்கு மருந்து ஜெல், பாதிப் பேருக்கு வெறும் ஜெல். மருந்து எடுத்தவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் கூடல. ஆனா இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுறதும் நுரையீரல்ல ரத்தக்கட்டி வர்றதும் கொஞ்சம் கூடுதலா இருந்துச்சு. அதனால டாக்டர் கண்காணிப்புல எடுக்க வேண்டிய மருந்துதான் இது, தெரிஞ்சவர் கையால போட்டுக்கிற ஊசி இல்ல.

டாக்டர் சொல்லி முறையா எடுக்கிறவங்க மூணு விஷயத்தை மனசுல வச்சுக்குங்க.

முதலாவது, ரத்தம் கெட்டியாகும். ஹிமாட்டோகிரிட் என்ற அளவை அப்பப்போ பார்க்கணும், 54 விழுக்காட்டைத் தாண்டினா டாக்டர் மருந்தை நிறுத்துவார் அல்லது குறைப்பார். நம்ம கோயில் ரத்த தான முகாமுக்கு வர்றவங்க, இந்த மருந்து எடுத்தா அங்க இருக்கிற தாதியர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

ரெண்டாவது, வயசானவங்க மருந்து தொடங்குறதுக்கு முன்னாடியே புரோஸ்டேட் பரிசோதனை பண்ணிக்கணும்.

மூணாவது, ஜெல் பூசுறவங்க. இது நம்ம கோயிலுக்கே உரிய விஷயம். ஜெல்லைத் தோள்லயும் மேல்கையிலயும் பூசுவாங்க. நம்ம சட்டையைக் கழட்டிட்டு வெறும் தோளோட நிக்கிறோம். சாமி ஊர்வலம் பார்க்கக் குழந்தையைத் தோள்ல தூக்கி வச்சுக்கிறோம். அந்த ஜெல் குழந்தை தோல்ல பட்டா அதோட உடம்புக்குள்ள போயிடும், வயசுக்கு மீறின மாற்றங்கள் வரும். கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. பூசினதும் சோப்பு போட்டுக் கை கழுவணும், காய்ஞ்சதும் சட்டையால மூடணும். கோயிலுக்கு வர்ற நாள்ல பூசின இடத்தைக் கழுவிட்டு எப்ப வரலாம்னு டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்குங்க.

இன்னொரு எச்சரிக்கை. பாசார் மாலாம்லயும் ஆன்லைன்லயும் "ஆண்களுக்கான கோப்பி"ன்னு பாக்கெட் விக்கிறாங்க. மூலிகைதானேன்னு வாங்கிக் குடிக்கிறாங்க. இந்த மாதிரி பொருள்கள் பலதுல சில்டெனாஃபில், தடலாஃபில் என்ற மருந்துகளைச் சொல்லாமலே கலந்திருக்கிறதை நம்ம சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடிச்சு அறிவிச்சிருக்கு. இதயத்துக்கு நாக்கடி மாத்திரை வச்சிருக்கிறவங்க இதைக் குடிச்சா ரத்த அழுத்தம் சட்டுனு இறங்கி உயிருக்கே ஆபத்து. நாம குடிக்கிறது கோப்பியா மருந்தான்னு தெரியாமலே போயிடும்.

சரி, பரிசோதனைக்கு எப்படிப் போறது?

கிளினிக் கெசிஹாத்தான்ல குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். "டாக்டர், ரொம்ப நாளா அசதி, எடை கூடுது, ஆசை குறைஞ்சிருக்கு. தைராய்டும் பார்க்கணும்"னு நேரா சொல்லுங்க. கடைசி வார்த்தையை முழுங்கிடாதீங்க. டாக்டர் தினமும் கேக்கிற விஷயம்தான் அது. கூடவே சர்க்கரையும் பாருங்க. 2019 தேசிய சுகாதார ஆய்வுல, இந்த நாட்டு இந்தியர்கள்ல வயசு வந்த 10 பேர்ல சுமார் 3 பேருக்கு நீரிழிவு இருந்துச்சு. நீரிழிவு, உடல் பருமன், தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு குறட்டை விடுறது, இது எல்லாமே டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும்.

டெஸ்டோஸ்டிரோன் பார்க்கிறதா இருந்தா காலையில வெறும் வயித்துல, 10 மணிக்கு முன்னாடி ரத்தம் கொடுக்கணும். காலையிலதான் அளவு உச்சத்துல இருக்கும். ஒரு தடவை குறைஞ்சு வந்தா இன்னொரு நாள் திரும்ப எடுக்கணும். நைட் ஷிப்ட் பார்க்கிறவங்க அதை டாக்டர்கிட்ட சொல்லுங்க, வேலை முடிஞ்சு தூங்காத கண்ணோட நேரா போகாதீங்க. காய்ச்சல்ல இருக்கும்போதும், கடுமையான விரதத்துல இருக்கும்போதும் எடுக்காதீங்க. உடம்பு பசியில இருந்தா அந்த அளவு தற்காலிகமா இறங்கும். முடி வளரன்னு பயோட்டின் மாத்திரை எடுக்கிறவங்க ரெண்டு மூணு நாளைக்கு முன்னாடியே நிறுத்துங்க, தைராய்டு ரிசல்ட்டை அது தப்பாக் காட்ட வச்சிடும்.

தைராய்டு குறைவுன்னு வந்துட்டா பயப்பட ஒண்ணும் இல்ல. லெவோதைராக்சின்னு ஒரு சின்ன மாத்திரை. சைவமா இருக்கிற அன்பர்கள் இது மிருகத்துல இருந்து எடுக்கிறதான்னு கேக்கிறாங்க. 1891ல இங்கிலாந்துல ஜார்ஜ் மர்ரேங்கிற டாக்டர் முதல்ல ஆட்டுத் தைராய்டுச் சாற்றைத்தான் ஊசியா போட்டார். அந்த அம்மா அதுக்கப்புறம் 28 வருசம் உயிரோட இருந்தாங்க. இப்ப நம்ம சாப்பிடுற லெவோதைராக்சின் மருந்து ஆய்வுக்கூடத்துல செயற்கையா செய்றது.

அதை எடுக்கிற முறைதான் முக்கியம். காலையில எழுந்ததும் வெறும் தண்ணியில விழுங்கி, அரை மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் பசியாறணும். கோப்பியும் பாலும் சோயாவும் மாத்திரை உடம்புல சேர்றதைக் குறைக்கும். அதனால விடியற்காலை அபிஷேகத்துக்கு வர்றவங்க பால் பிரசாதத்தை மாத்திரை எடுத்த உடனே குடிக்காதீங்க, கொஞ்சம் பொறுங்க. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை இருந்தா நாலு மணி நேரம் தள்ளி எடுங்க. ஆறுல இருந்து எட்டு வாரம் கழிச்சு திரும்ப ரத்தம் பார்த்து அளவை சரி பண்ணுவாங்க. நல்லாயிடுச்சேன்னு தானா நிறுத்திடாதீங்க.

காவடி எடுக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 48 நாள் விரதம்னு சொல்லி மாத்திரையை விட்டுடுறவங்களைப் பார்த்திருக்கேன். ஒரு நாள் மறந்தா பெருசா ஒண்ணும் ஆகாது, மருந்து உடம்புல பல நாள் தங்கும். ஆனா 48 நாள் விட்டா தைப்பூசத்தன்னைக்கு எழுந்து நிக்கவே தெம்பு இருக்காது. மாத்திரையும் அதை விழுங்குற ஒரு வாய் தண்ணியும் விரதத்தைக் கெடுக்காதுன்னு நம்ம குருக்கள் ஐயாகிட்ட கேட்டுத்தான் எழுதுறேன்.

கண்ணு பட்டுடுச்சு, யாரோ ஏதோ செஞ்சுட்டாங்கன்னு எத்தனையோ பேர் வந்து சொல்றாங்க. தாராளமா சுத்திப் போடுங்க, அர்ச்சனை பண்ணுங்க. அதே வாரத்துல ரத்தமும் கொடுத்துடுங்க. முருகன் கொடுத்த உடம்பு இது, அதைப் பார்த்துக்கிறதும் தொண்டுதான்.

வெளிப்படையா கேக்கக் கூச்சமா இருக்கிற தம்பிங்க ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் முடிஞ்சதும் செருப்பு வைக்கிற இடத்துக்கு வாங்க, அங்கதான் என் டியூட்டி. மருந்து என்னால சொல்ல முடியாது. ஆனா கிளினிக்குக்குத் தனியா போகத் தயக்கமா இருந்தா துணைக்கு வர்றேன். லீவு எடுத்துக்கலாம், பரவாயில்ல.

உபயோகமா இருந்தா உங்க குடும்பக் குழுவுல பகிருங்க.

எல்லாரும் நல்லா இருக்கணும். முருகன் துணை.